தண்ணீரை அதிக நாள் தேக்கினால் அமோனியா குறையுமா? செயற்கை ஈரநிலத்தில் ஓட்டமும் நைட்ரஜனும்

கேள்வி இதுதான்: ஜல்லிக்குள் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் செயற்கை ஈரநிலம் ஒன்று. செப்டிக் டேங்கைத் தாண்டிய கழிவுநீர் ஒரு முனையில் நுழைந்து, நாணல் வேர்களுக்கிடையே ஊர்ந்து, மறுமுனையில் வெளியேறுகிறது. பிஓடி (பாக்டீரியா ஆக்சிஜனைச் செலவழித்துத் தின்னும் கரிம அழுக்கின் அளவு) நன்றாகக் குறைந்திருக்கிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது. அமோனியா மட்டும் உள்ளே போன அளவிலேயே வெளியே வருகிறது. படுகையை ஆழப்படுத்தித் தண்ணீர் தங்கும் நாட்களைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. ஆழப்படுத்தினால் இப்போது இருப்பதை விட மோசமாகவும் வாய்ப்புண்டு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அமோனியமாகவும் (தண்ணீரில் கரைந்த அமோனியா பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும்) கரிம நைட்ரஜனாகவும் வருகிறது. செப்டிக் டேங்கிலேயே யூரியா அமோனியமாகிவிடும். மிச்சமிருக்கும் கரிம நைட்ரஜன் ஜல்லிக்குள் மட்கி அமோனியமாகும். அதனால் சில படுகைகளில் வெளியே வரும் அமோனியம் உள்ளே போனதை விடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பரிசோதனைக்கூடத்தின் மேல் சந்தேகப்பட வேண்டாம். இந்த அமோனியம் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்க வேண்டுமானால் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்க வேண்டும். அதன்பின் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள், கரிமப் பொருளை உணவாக எடுத்துக்கொண்டு, அந்த நைட்ரேட்டை வாயுவாக்க வேண்டும். ஒன்றுக்கு ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும், இன்னொன்றுக்கு இருக்கவே கூடாது. தண்ணீர் இந்த இரண்டு இடங்களுக்கும் போகிறதா, எந்த வரிசையில் போகிறது, இரண்டாவது இடத்தை அடையும்போது கரிமப் பொருள் மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஓட்டம்தான். எத்தனை நாள் தங்குகிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஒரு கிராம் அமோனிய நைட்ரஜனை முழுதாக நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் அமோனிய நைட்ரஜன் உள்ள கழிவுநீரில் ஒரு கன மீட்டரை எடுத்துக்கொண்டால், அதில் 50 கிராம் நைட்ரஜன். அதற்கு 228 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி வெப்பநிலையில், இனி கரையவே கரையாது என்னும் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்த தண்ணீரிலும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 கிராம்தான் இருக்கும். ஏறக்குறைய 28 மடங்கு பற்றாக்குறை. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரிலோ அந்த 8 கிராமும் கிடையாது. போதாததற்கு, பிஓடியைத் தின்னும் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுபவை; கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் அவை முந்திக்கொண்டு எடுத்துவிடும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை, பந்தியில் கடைசியாகத்தான் உட்காரும்.

அப்படியானால் ஆக்சிஜன் எங்கிருந்து வர வேண்டும்? மேலே உள்ள காற்றிலிருந்துதான். ஜல்லியின் இடைவெளிகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது உள்ளே இறங்குவது மிக மெதுவாக நடக்கும், ஏனென்றால் ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். எப்போதும் நிரம்பியே இருக்கும் படுகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சில கிராம் ஆக்சிஜன் இறங்கினாலே பெரிது. மேலே சொன்ன ஒரு கன மீட்டர் நீரை 20 சதுர மீட்டர் படுகையில் விட்டால், அமோனியத்துக்கு மட்டுமே சதுர மீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் தேவை. பிஓடிக்கான தேவை இதில் சேரவில்லை.

ஆழத்தின் விஷயம் இங்கேதான் வருகிறது. தங்கும் காலத்தை இரண்டு மடங்காக்க இரண்டு வழி உண்டு: பரப்பை இரட்டிப்பது, அல்லது ஆழத்தை இரட்டிப்பது. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பரப்பை இரட்டித்தால் காற்றைத் தொடும் மேற்பரப்பு இரட்டிக்கிறது, சதுர மீட்டருக்கான சுமை பாதியாகிறது. ஆழத்தை இரட்டித்தால் இந்த இரண்டில் எதுவும் மாறுவதில்லை. காற்றிலிருந்து இன்னும் தள்ளியிருக்கும் தண்ணீர்தான் கூடுகிறது. அதோடு, நாணல் வேர்கள் மேல் பகுதியில் அடர்ந்து தண்ணீருக்குத் தடையாக நிற்கும். தண்ணீர் தடையில்லாத பக்கமாகவே போகும் என்பதால், வேருக்குக் கீழே காலியாகக் கிடக்கும் அடி ஜல்லி வழியாக நழுவிப் போய்விடும். ஸ்பெயினின் காட்டலோனியாவில் 27 செ.மீ. ஆழப் படுகைகளையும் 50 செ.மீ. ஆழப் படுகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஆழம் குறைந்தவைதான் அமோனியத்தைக் கூடுதலாக நீக்கின.

"நாணல் தன் தண்டு வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்புமே?" என்று சிலர் கேட்பார்கள். அனுப்பும். ஆனால் பெரும்பகுதியை வேரே சுவாசித்துவிடும். வெளியே கசிவது கொஞ்சம்தான். இந்தத் துறையின் பழைய நம்பிக்கைகளில் இது ஒன்று. 1950களில் ஜெர்மனியில் கேதே சைடல் தொடங்கிவைத்த சோதனைகளுக்குப் பிறகு, ரைன்ஹோல்ட் கிக்குத் மண் நிரப்பிய 'வேர்மண்டல' முறையைப் பரப்பினார். வேர்கள் மண்ணைத் துளைத்துத் தண்ணீருக்கு வழிவிடும், ஆக்சிஜனும் தரும் என்பது எதிர்பார்ப்பு. பல இடங்களில் மண் தண்ணீரை உள்ளே விடவே இல்லை. கழிவுநீர் மண்ணின் மேலேயே ஓடியது. அதன் பிறகே பக்கவாட்டுப் படுகைகளில் மண் போய் ஜல்லி வந்தது. தண்ணீர் போகும் வழி மாறியது, ஆக்சிஜன் பிரச்சினை அப்படியே தங்கிவிட்டது. செடி தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் நைட்ரஜனையும் பெரிதாக நம்ப வேண்டாம். சாதாரணக் கழிவுநீர்ச் சுமையில் அது மொத்தத்தில் சிறு பங்குதான், அறுத்து வெளியே எடுக்காவிட்டால் சருகாகி மீண்டும் தண்ணீருக்கே வந்துவிடும்.

ஓட்டத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை மேலிருந்து கீழே தண்ணீர் இறங்கும் செங்குத்துப் படுகையில் பார்க்கலாம். இங்கே தண்ணீர் விடாமல் வருவதில்லை. தொட்டியில் சேர்ந்து, பம்ப் அல்லது சைஃபன் வழியாக ஒரு நாளில் சில தடவை மொத்தமாகக் கொட்டுகிறது. ஒரு தவணையைக் கூர்ந்து கவனியுங்கள். சில நிமிடங்களில் மணல் மேல் ஓரிரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அது இறங்கும்போது, மணல் இடைவெளிகளில் இருந்த பழைய காற்றைக் கீழே வடிகால் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. தண்ணீர் இறங்கி முடிய, அதன் பின்னாலேயே மேலிருந்து புதுக்காற்று இழுபட்டு உள்ளே வருகிறது. இறங்கிய தண்ணீர் தன் அமோனியத்தில் ஒரு பகுதியை மணல் மேல் படிந்த பாக்டீரியாப் படலத்திலும் கரிமப் பொருளிலும் ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. அடுத்த தவணை வரும்வரை உள்ள சில மணி நேரத்தில், சுற்றிலும் காற்று நிற்க, அந்த அமோனியம் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை இருப்பதால் அது ஒட்டுவதில்லை. அடுத்த தவணைத் தண்ணீர் அதை அலசிக்கொண்டு போகிறது. ஆக, இப்போது வெளியே வரும் நைட்ரேட்டில் கணிசமான பங்கு முந்தைய தவணையின் அமோனியம். வேலை நடப்பது தண்ணீர் ஓடும்போதை விட, ஓடாமல் இருக்கும் இடைவேளையில்தான் அதிகம். இப்படிப்பட்ட படுகைக்குள் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்குப் பல பத்து கிராம் ஆக்சிஜன் போகும். தண்ணீர் தங்குவதோ நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில். தங்கும் காலம்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்.

தவணையின் அளவில் விளையாட்டு காட்டக்கூடாது. மணல் உறிஞ்சும் வேகத்தை விடக் கொட்டும் வேகம் கூடுதலாக இருந்தால்தான் தண்ணீர் பரப்பு முழுக்கப் பரவும். சொட்டுச் சொட்டாக விட்டால் குழாயின் துளைகளுக்கு அடியில் உள்ள மணல் மட்டும் எப்போதும் நனைந்து அடைத்துப்போகும், மீதி சும்மா காயும். தவணைகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் காற்று நுழைய நேரம் போதாது. மிகப் பெரிதாக்கினால் தண்ணீர் எதையும் ஒட்டவைக்காமல் சரசரவென இறங்கிவிடும். படுகைக்கே ஓய்வு கொடுப்பது இன்னொரு அடுக்கு. பிரான்சில் பரவலாக உள்ள அமைப்பில் முதல் கட்டத்தில் மூன்று படுகைகள் இருக்கும். ஒன்று மூன்றரை நாள் தண்ணீர் வாங்கும், பிறகு ஏழு நாள் காயும். அந்த ஏழு நாளில் மேலே படிந்த கசடு உலர்ந்து மட்கி, வழி மீண்டும் திறக்கிறது.

இத்தோடு பாதிக் கதைதான் முடிகிறது. செங்குத்துப் படுகை அமோனியத்தை நைட்ரேட்டாக்கித் தந்துவிடும், மொத்த நைட்ரஜன் அவ்வளவாகக் குறைந்திருக்காது. நைட்ரேட்டை வாயுவாக்க ஒரு கிராம் நைட்ரஜனுக்குக் குறைந்தது 2.86 கிராம் பிஓடிக்குச் சமமான கரிமப் பொருள் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். அதைத்தான் மணல் ஏற்கெனவே காற்றோடு சேர்த்து எரித்துவிட்டதே! நைட்ரேட் இருக்கும் இடத்தில் கரிமம் இல்லை, கரிமம் இருக்கும் இடத்தில் நைட்ரேட் இல்லை. இரண்டையும் சந்திக்க வைக்க மறுபடியும் ஓட்டத்தைத்தான் திருப்ப வேண்டும். வெளிவரும் நீரில் ஒரு பகுதியைச் செப்டிக் டேங்கின் கடைசி அறைக்கோ முதல் பக்கவாட்டுப் படுகைக்கோ திருப்பி அனுப்புவது பழக்கமான வழி. உள்ளே வரும் அளவுக்குச் சமமாகத் திருப்பினால் நைட்ரேட்டில் அதிகபட்சம் பாதி போகும், இரண்டு மடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்று மடங்கு திருப்பினால் முக்கால் பங்கு. மடங்கு ஏற ஏறக் கிடைக்கும் கூடுதல் பலன் சுருங்குகிறது. பம்ப் செலவும் மணல் மேல் விழும் நீர்ச்சுமையும் ஏறுகின்றன, திரும்பிப் போகும் தண்ணீர் காற்றில்லாத அறைக்குள் ஆக்சிஜனையும் கொண்டுபோகிறது. ஒரு மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

திருப்பி அனுப்புவதில் பலர் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. ஒரு கிராம் அமோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்கும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் கையிருப்பு, தீர்ந்துபோகிறது. நம் 50 மில்லிகிராமுக்கு லிட்டருக்கு 357 மில்லிகிராம். தண்ணீர் மென்னீராக இருந்தால் இந்தக் கையிருப்பு நடுவிலேயே காலியாகி, பிஹெச் இறங்கி, நைட்ரேட்டாக்கம் நின்றுவிடும். ஆக்சிஜன் இருந்தும் அமோனியா குறையாத படுகைகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். நைட்ரேட் வாயுவாகும்போது அந்தக் காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கிறது. தண்ணீரைத் திருப்பினால் அதுவும் கூடவே வந்து சேரும்.

பம்ப் வேண்டாம் என்றால், செங்குத்துப் படுகையின் வெளியேறும் குழாயை வளைத்து உயர்த்தி, அடிப்பகுதியில் சில பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்யலாம். மேலே காற்று, கீழே காற்றில்லாத நிலை. அல்லது வரும் கழிவுநீரில் ஒரு பங்கைப் பிரித்து, முதல் படுகையைத் தவிர்த்து, நேராக அடுத்த கட்டத்துக்குக் கரிம உணவாக விடலாம். ஆனால் அந்தப் பங்கோடு புது அமோனியமும் வரும் என்பதால் அளவோடு விட வேண்டும். படுகையை நிரப்பி வடித்து, நிரப்பி வடித்து ஓட்டும் ஓதமுறையும் உண்டு. சியோலைட் போல அமோனியத்தைப் பிடித்துவைக்கும் கல் இருந்தால் அந்த முறை நன்றாகவே வேலை செய்யும். நைட்ரைட்டும் அமோனியமும் நேரடியாகச் சேர்ந்து வாயுவாகும் அனமாக்ஸ் வழியும் இந்தப் படுகைகளில் ஓரளவு நடக்கிறதுதான், ஆனால் அதை நம்பி ஒரு வீட்டுப் படுகையை வடிவமைக்க நான் சொல்ல மாட்டேன்.

இதுவரை தண்ணீர் முழுக்க ஒரே சீராகப் போகிறது என்று வைத்துக்கொண்டே பேசினேன். உண்மையில் அப்படிப் போவதில்லை. நான்கு நாள் தங்கும் என்று கணக்கிட்ட படுகையில் உப்புக் கரைசலைக் கலந்து, வெளியேறும் முனையில் மின்கடத்துத்திறனை அளந்துகொண்டே இருந்தால், ஒன்றரை நாளிலேயே உச்சம் வந்துவிடுவதும், அதன் வால் பத்து நாள் வரை இழுப்பதும் சகஜம். நடுவில் ஒரு குறுக்குவழியும் மூலைகளில் தேங்கிய தண்ணீரும் இருக்கின்றன என்று பொருள். இதன் விலை என்ன? ஒரு மாசு, முதல் படி வேகத்தில், அதாவது மிச்சமிருக்கும் அளவுக்கு ஏற்ற வேகத்தில் குறைகிறது என்று வையுங்கள். தண்ணீர் வரிசை கலையாமல் ஊர்ந்தால் 95 சதவீதம் நீங்க வேண்டிய இடத்தில், மூன்று தொட்டிகளைத் தொடராக வைத்தது போலக் கலந்தால் 87.5 சதவீதம்தான் நீங்கும். மொத்தமும் ஒரே தொட்டியாகக் கலந்துவிட்டால் 75. இன்னும் மோசமானது நேர்க்குறுக்கு வழி. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சுத்தமாகாமலேயே தப்பித்துப் போனால், படுகையை எவ்வளவு பெரிதாக்கினாலும் 80 சதவீதத்தைத் தாண்டவே முடியாது.

காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. நுழைவில் ஒரே ஒரு குழாய், சாய்ந்துபோன பகிர்வுக் குழாய், நுழைவு முனை ஜல்லி கசடால் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறி ஓடுவது. திறந்த நீர்ப்பரப்பு ஈரநிலமாக இருந்தால் செடிகள் நின்றிருக்கும் விதமும் முக்கியம். சம்பும் நாணலும் ஓட்டத்துக்கு இணையான பட்டைகளாக வளர்ந்தால் இடையிலுள்ள வெற்று வாய்க்கால் வழியாகவே தண்ணீர் ஓடிவிடும். குறுக்குப் பட்டைகளாக இருந்தால் எல்லாத் தண்ணீரும் செடிகளுக்குள் புகுந்தாக வேண்டும். உப்பை வைத்துச் சோதிக்கும்போது கரைசல் அடர்த்தியாக இருந்தால் அது அடியில் அமிழ்ந்து தனி வழியில் போய் ஏமாற்றிவிடும், நீர்த்த கரைசலாக விடுங்கள். ரோடமைன் சாயம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். கரிமப் பொருளில் ஒட்டிக்கொள்வதால், பழைய படுகைகளில் அதை அப்படியே நம்ப முடியாது.

வயல் வடிகாலை வாங்கும் ஈரநிலங்களுக்குக் கணக்கே வேறு. அங்கே நைட்ரஜன் ஏற்கெனவே நைட்ரேட்டாகத்தான் வருகிறது, ஆக்சிஜன் பற்றாக்குறை நமக்குச் சாதகம். நைட்ரேட் அடி வண்டலுக்குள் இறங்கினால் போதும். தண்ணீர் அசையாமல் நின்றால் வண்டலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்டி நைட்ரேட் இறங்குவது தாமதமாகும். ஓரளவு ஓட்டம் இருந்தால் அந்தப் படலம் மெலிந்து நைட்ரேட் வேகமாக உள்ளே போகும். இங்கே வேறொரு குழப்பமும் வரும். அதே செறிவில் ஓட்டத்தை இரட்டித்தால் நீக்கும் சதவீதம், உதாரணமாக, 86இலிருந்து 63 ஆகக் குறையும். 'ஈரநிலம் கெட்டுவிட்டது' என்பார்கள். ஆனால் உள்ளே வந்தது இரண்டு மடங்கு. அதில் 63 சதவீதம் என்றால் நீக்கிய எடை முன்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கீழேயுள்ள ஏரியைக் காப்பாற்றுவது நோக்கம் என்றால் எடையைப் பாருங்கள். வெளியேறும் நீரின் செறிவுக்கு வரம்பு உண்டு என்றால் சதவீதத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட ஈரநிலங்களுக்கு நைட்ரேட்டின் பெரும்பகுதி சில பெருமழை நாட்களில்தான் வந்து சேரும். அந்த நாட்களில் தண்ணீர் மேலோட்டமாக ஓடிக் கடந்துவிட்டால், வறண்ட மாதங்களின் 90 சதவீதத்தால் ஆண்டுக் கணக்கில் பெரிய பயன் இல்லை.

எடைக் கணக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. வெயில் காலத்தில் ஆவியாதலும் செடிகள் உறிஞ்சி வெளியேற்றுவதும் சேர்ந்து தண்ணீரைக் குறைத்துவிடும். உள்ளே 100 கன மீட்டர், லிட்டருக்கு 40 மில்லிகிராம். வெளியே 60 கன மீட்டர், அதே 40 மில்லிகிராம். செறிவை மட்டும் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. எடையில் 4 கிலோ 2.4 கிலோவாகியிருக்கிறது. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக, வெறும் நீர்த்துப்போதலே நீக்கம் மாதிரித் தெரியும். ஓட்டத்தை அளக்காமல் எடுத்த மாதிரிகளால் பாதிப் பயன்தான்.

காற்றும் காற்றின்மையும் மாறி மாறி வரும் படுகைகளில் நைட்ரஸ் ஆக்சைடையும் மறக்கக்கூடாது. கரிமம் போதாமல் நைட்ரேட் நீக்கம் பாதியில் நின்றாலும், ஆக்சிஜன் அரைகுறையாக இருந்தாலும் அது உருவாகும். நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவை விட ஏறக்குறைய 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது.

உங்கள் படுகைக்கு வருகிறேன். ஆழத்தைத் தொடாதீர்கள். வெளியேறும் குழாயைச் சுழற்றி உயரம் மாற்ற முடிந்தால், நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். ஜல்லியின் மேல் பகுதி காற்றைக் காணட்டும். வாரக்கணக்கில் முழுக்க வடித்து நிரப்பும் சுழற்சி சாத்தியமென்றால் இன்னும் நல்லது. இது ஓரளவுதான் உதவும். இருக்கும் சுமைக்கு உண்மையான தீர்வு, இந்தப் படுகைக்குப் பின்னால் தவணை முறையில் ஓடும் ஒரு சிறிய செங்குத்துப் படுகையைச் சேர்த்து, அதன் வெளியேற்றத்தில் ஒரு பங்கை முன்பக்கம் திருப்புவது. பக்கவாட்டுப் படுகை பிஓடியைக் குறைத்தே அனுப்புவதால் செங்குத்துப் படுகையின் ஆக்சிஜன் பெரும்பாலும் அமோனியத்துக்கே கிடைக்கும். அதைக் கட்டுவதற்கு முன், உள்ளே வரும் நீரின் காரத்தன்மையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் முதல் வாரத்திலேயே முடிவுக்கு வர வேண்டாம். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா படிந்து பெருகச் சில வாரங்கள் ஆகும், குளிர் என்றால் இன்னும் கூட. அதுவரை அமோனியத்தை மட்டும் அளக்காமல் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் சேர்த்தே அளந்து வாருங்கள். முதலில் நைட்ரைட் கொஞ்சம் தலைகாட்டும், பிறகு அது இறங்கி நைட்ரேட் ஏறும். நைட்ரேட் ஏறிய பிறகுதான் திருப்பி அனுப்பும் வால்வைத் திறக்க வேண்டும்.